எண்டோமெட்ரியோசிஸ்: எந்தத் திசு, எந்த நாள், எந்த செல்?

லேப்ராஸ்கோப்பி நடந்துகொண்டிருக்கிறது. தொப்புள் வழியாக உள்ளே போன கேமரா, சினைப்பையில் ஒட்டியிருக்கும் ஒரு கட்டியைத் திரையில் காட்டுகிறது. அதைத் திறந்ததும் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் வழிகிறது. மாதாமாதம் கசிந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கிப்போன பழைய ரத்தம். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் 'சாக்லேட் சிஸ்ட்' என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் கட்டியின் சுவரிலிருந்து அரிசி அளவு ஒரு துண்டு எடுக்கிறார்கள். அதே பெண்ணின் கருப்பையின் உட்படலத்திலிருந்து இன்னொரு துண்டு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் குழாய் வடிவச் சுரப்பிகள், அவற்றைச் சுற்றித் தாங்குசெல்கள். இடம்தான் வேறு, தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஒற்றுமையை வைத்துத்தான் நோயியல் மருத்துவர் 'இது எண்டோமெட்ரியோசிஸ்' என்றே எழுதுகிறார். ஆனால் அந்த இரண்டு துண்டுகளையும் உடனே உறையவைத்து, அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ.வை, அதாவது வேலை செய்யும் மரபணுக்களிலிருந்து உருவாகும் நகல்களை, பிரித்து எண்ணிப் பார்த்தால் கதை மாறுகிறது. ஒன்றில் அமைதியாகக் கிடக்கும் மரபணுக்கள் இன்னொன்றில் உச்சத்தில் வேலை செய்கின்றன. ஒன்றில் மாதந்தோறும் விழித்தெழும் மரபணுக்கள் இன்னொன்றில் எழுப்பினாலும் எழுவதில்லை.

இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நிறைய ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. 'இத்தனை மரபணுக்கள் கூடின, இத்தனை குறைந்தன' என்று செய்திகளும் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எந்தத் திசுவோடு ஒப்பிட்டார்கள்? மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் எடுத்தார்கள்? அளந்தது எந்த செல்லை? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பையில், வயிற்றின் உள்ளுறையில், குடலில், சிறுநீர்ப்பையில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது பிள்ளைப்பேறு வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி தொடங்கியதிலிருந்து நோய் இதுதான் என்று தெரியவர பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அத்தனை ஆண்டுகளும் 'எல்லாருக்கும் வர்ற வலிதானே', 'கல்யாணம் ஆனா சரியாயிடும்', 'ஒரு குழந்தை பிறந்தா போயிடும்' என்ற பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே கழிகின்றன. அந்த வலிக்குப் பின்னால் அளந்து காட்டக்கூடிய ஒரு மூலக்கூறுக் கதை இருக்கிறது. அதை எளிய தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்தப் பேச்சுகளும் ஒரு காரணம்.

இந்தத் திசு அங்கே எப்படிப் போனது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பங்கு கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுகிறது, அதிலுள்ள செல்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்றார். இன்றும் அதிகம் ஏற்கப்படுவது இந்த விளக்கம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பின்னோக்கிய கசிவு மாதவிடாய் வரும் பெண்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. ஆகவே செல் அங்கே போய் விழுவது மட்டும் காரணமாக இருக்க முடியாது. விழுந்த செல் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மரபணு வெளிப்பாடு என்பதை வீட்டு வயரிங்கை வைத்து யோசிக்கலாம். உடம்பின் எல்லா செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான், எல்லா அறைக்கும் ஒரே வயரிங் போட்ட மாதிரி. கண்ணில் உள்ள செல்லும் கல்லீரலில் உள்ள செல்லும் வேறுபடுவது எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது, எந்த ரெகுலேட்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதால். ஸ்விட்ச் போட்ட மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் உருவாகின்றன, அந்த நகலைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணுவதுதான் வெளிப்பாட்டை அளப்பது. சில ஸ்விட்ச்களின் மேல் யாரும் போட்டுவிடாதபடி டேப் ஒட்டியிருப்பார்களே, அதுபோல டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். டேப் உரிந்தால் விழித்துக்கொள்ளும். டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றுகூட மாறத் தேவையில்லை.

இனி, இந்த நோயில் எந்த டேப் உரிந்தது என்று பார்க்கலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் மருந்துகளின் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

கருப்பையின் உட்படலம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு வளரும் திசு. ஆனால் ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரிக்காது, அது சினைப்பையின் வேலை. தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதியின் பெயர் அரோமடேஸ். ஆரோக்கியமான உட்படலத்தில் இந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து செர்தார் புலூன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் இடம் மாறிய திசுவில் அரோமடேஸ் இருப்பதைக் காட்டினார்கள். அதாவது அந்தக் கட்டி தன் உரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அரோமடேஸ் மரபணுவை இயக்கும் மேஸ்திரி மாதிரி எஸ்.எஃப்-1 என்று ஒரு புரதம் உண்டு. சாதாரண உட்படலத்தில் அதன் மரபணுவின் மேல் மெத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. சாக்லேட் சிஸ்ட்டின் தாங்குசெல்களில் அந்த டேப் உரிந்துபோயிருப்பதை இதே குழு 2007-இல் வெளியிட்டது. எஸ்.எஃப்-1-இன் ஆர்.என்.ஏ. அங்கே ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகளில் பீட்டா வகையின் மரபணுவிலும் அதே கதை, அதன் அளவு நூறு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இன்னொரு பக்கம், வீரியமான ஈஸ்ட்ரோஜனை வலுக்குறைந்த வடிவமாக மாற்றும் ஒரு நொதி குறைந்துபோகிறது. தயாரிப்பு கூடி, கழிவு குறைந்தால் தேங்கத்தானே செய்யும்.

அப்புறம் வலி. தேங்கிய ஈஸ்ட்ரோஜன் காக்ஸ்-2 என்ற நொதியைத் தூண்டுகிறது. அது புரோஸ்டாகிளாண்டின் ஈ2-வைத் தயாரிக்கிறது. மாதவிடாய் நாட்களில் வயிற்றைப் பிசையும் வலிக்கு இதன் குடும்பம்தான் காரணம். நாம் போட்டுக்கொள்ளும் மெஃபினமிக் அமிலம், இபுபுரூஃபென் மாத்திரைகள் தடுப்பதும் இந்தத் தயாரிப்பைத்தான். ஆனால் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 வலியோடு நிற்பதில்லை, திரும்பிப்போய் அரோமடேஸையும் தூண்டுகிறது. அரோமடேஸ் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கூடும், ஈஸ்ட்ரோஜன் கூடினால் காக்ஸ்-2 கூடும். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும் இந்த வட்டத்தை வைத்துப் பார்த்தால், வலியும் வளர்ச்சியும் ஏன் கைகோத்து நடக்கின்றன என்பது புரிகிறது.

அழகான விளக்கம். பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. இங்கேதான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்: ஒப்பிட்டது எந்தத் திசு?

சினைப்பையில் உள்ள கட்டியிலிருந்து எடுக்கும் துண்டில் சினைப்பையின் சொந்தச் செல்களும் சேர்ந்தே வந்துவிடும். அரோமடேஸும் எஸ்.எஃப்-1-உம் சினைப்பையில் இயல்பாகவே ஏராளமாக இருப்பவை. அப்படியானால் அளந்தது கட்டியையா, பக்கத்து வீட்டையா? பெல்ஜியத்தில் ஜாக் தோனேயின் குழு 2009-இல் இந்த ஐயத்தை நேராகவே எழுப்பியது. அவர்கள் பார்த்த எண்டோமெட்ரியோசிஸ் திசுக்களில் அரோமடேஸ் புரதம் தென்படவில்லை. சாக்லேட் சிஸ்ட்டில் சிறிதளவு கிடைத்த ஆர்.என்.ஏ.வுக்கும் ஒட்டிவந்த சினைப்பைத் திசுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். 'லெட்ரோசோல் கொடுத்தால் வலி குறைகிறதே, அது போதாதா' என்று கேட்கலாம். போதாது. அரோமடேஸைத் தடுக்கும் அந்த மாத்திரை சினைப்பை, கொழுப்புத் திசு என்று உடம்பு முழுக்க வேலை செய்கிறது. வலி குறைந்ததை வைத்து, கட்டிக்குள் அரோமடேஸ் இருந்தது என்று நிரூபிக்க முடியாது.

என் எண்ணம் இது: தாங்குசெல்களை மட்டும் பிரித்து வளர்த்துப் பார்த்த ஆய்வுகளும் இருப்பதால் வட்டம் முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் எல்லாப் பெண்களிலும், எல்லா இடத்துக் கட்டிகளிலும் அது ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை. சாக்லேட் சிஸ்ட்டில் பார்த்ததை வயிற்று உள்ளுறையில் இருக்கும் சின்னப் புள்ளிகளுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி நாளைப் பற்றியது. கருப்பையின் உட்படலம் உடம்பிலேயே விசித்திரமான திசு. மாதாமாதம் வளர்ந்து, பக்குவப்பட்டு, உதிர்ந்து, தழும்பில்லாமல் திரும்ப முளைக்கிறது. சுழற்சியின் 8-ஆம் நாளும் 22-ஆம் நாளும் எடுத்த துண்டுகள், ஒரே பெண்ணிடமிருந்து வந்திருந்தாலும், ஆயிரக்கணக்கான மரபணுக்களில் வேறுபடும். நோயால் வரும் வித்தியாசம் அதற்கு முன்னால் சிறியது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு 984 பெண்களின் உட்படலத்தில் மெத்தில் குறிகளைப் பார்த்தது. அதிலும் சுழற்சியின் கட்டம் பெரிய வேறுபாட்டுக் காரணமாக நின்றது. நாளைச் சரியாகப் பொருத்தாமல் இருபது பேரை இருபது பேரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் பட்டியல் நோயைக் காட்டுகிறதா, காலண்டரைக் காட்டுகிறதா என்றே தெரியாது.

நாளைக் கவனமாகப் பொருத்திய ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று, கலிஃபோர்னியாவில் லிண்டா ஜூடிசின் குழு 2003-இல் செய்தது. கரு வந்து ஒட்டுவதற்காக உட்படலம் தயாராகும் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் மட்டும் திசு எடுத்து, 12,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே வீச்சில் அளந்தார்கள். நோய் உள்ளவர்களிடம் 91 மரபணுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும், 115 மரபணுக்கள் அதே அளவுக்குக் குறைந்தும் இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, எடுத்தது கட்டியிலிருந்து அல்ல. கருப்பைக்குள், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் படலத்திலிருந்து. அதாவது வெளியே போன திசு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் திசுவும் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கரு ஒட்டுவதில் ஏன் சிக்கல் வருகிறது என்பதற்கு இது ஒரு துப்பு.

அதே குழு 2007-இல் இன்னொன்றையும் கவனித்தது. கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி, 'வளர்ந்தது போதும், இனிப் பக்குவப்படு' என்று உட்படலத்துக்குச் சொல்லும். நோய் உள்ளவர்களிடம் அந்தச் சொல் சரியாகக் காதில் விழவில்லை. நிறுத்தியிருக்க வேண்டிய பெருக்க மரபணுக்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. இதற்குப் பெயர் புரோஜெஸ்டிரோன் எதிர்ப்பு. கட்டிகளில் இது இன்னும் கடுமை, புரோஜெஸ்டிரோனின் ஏற்பியே அங்கே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கரு ஒட்டுவதற்குத் தேவையான ஹாக்ஸ்-ஏ10 என்ற மரபணுவின் மேல் மெத்தில் டேப் கூடுதலாக ஒட்டியிருப்பதும் தெரியவந்தது. எஸ்.எஃப்-1-இல் உரிந்தது, இங்கே ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் இந்த நோய்க்காக டையனோஜெஸ்ட் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் இதைப் படித்தால் ஒரு சந்தேகம் வரும். அதுவும் புரோஜெஸ்டிரோன் வகைதானே, திசுவுக்கே காது கேட்கவில்லை என்றால் மாத்திரை எப்படிக் கேட்கும்? நியாயமான கேள்வி. டையனோஜெஸ்ட் திசுவோடு நேராகப் பேசுவதோடு, சினைப்பையின் வேலையையும் அடக்கி ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. அதனால் பலருக்குப் பலன் தருகிறது. சிலருக்கு வலி குறையாமலே இருப்பதற்கு இந்த எதிர்ப்பு ஒரு காரணமாக இருக்கலாம். 'மாத்திரை கொடுத்தும் வலிக்குதுன்னா மனசுலதான் பிரச்சினை' என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி செல். பழைய முறைகளில் துண்டு முழுவதையும் அரைத்து ஆர்.என்.ஏ. எடுப்பார்கள். சுரப்பிச் செல், தாங்குசெல், ரத்தக்குழாய், நோயெதிர்ப்புச் செல் எல்லாம் கலந்த சாம்பார் அது. ஒரு மரபணு மூன்று மடங்கு கூடியது என்றால், ஒவ்வொரு செல்லும் மூன்று மடங்கு உழைத்ததா, அல்லது அந்த வகைச் செல்லின் தலை எண்ணிக்கை மூன்று மடங்கானதா? அரைத்த பிறகு தெரியாது. இப்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனித் துளியில் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி போட்டு எண்ண முடிகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தின் குழு 2023-இல் இப்படிச் சுமார் 3,70,000 செல்களின் வரைபடத்தை வெளியிட்டது. அதில் சினைப்பைக் கட்டிகளும் வயிற்று உள்ளுறையில் உள்ள கட்டிகளும் வெளிப்பாட்டில் தனித்தனி ஆட்களாக நின்றன. நோயெதிர்ப்புச் செல்கள், ரத்தக்குழாய்ச் செல்கள், சுற்றியுள்ள திசு எல்லாமே தன் நடத்தையை மாற்றிக்கொண்டிருந்தன. கட்டி தனியாக வளர்வதில்லை, அக்கம்பக்கத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே நோய்தானா என்ற கேள்வி இதனால் வலுக்கிறது.

பயமுறுத்தும் ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும், அரைகுறையாகத் தெரிந்தால்தான் அது அதிகம் பயமுறுத்தும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆழமாக ஊடுருவும் வகை எண்டோமெட்ரியோசிஸ் கட்டிகள் 39-ஐப் பரிசோதித்ததில் 10-இல் கேராஸ், அரிட்1ஏ, பிக்3சிஏ போன்ற, புற்றுநோயில் வழக்கமாகக் காணப்படும் மரபணுப் பிறழ்வுகளைக் கண்டது. இது வெளிப்பாட்டு மாற்றமல்ல, டி.என்.ஏ. எழுத்தே மாறியது. ஆனால் அந்தக் கட்டிகள் புற்று அல்ல. அடுத்த சில ஆண்டுகளில் இதே பிறழ்வுகள் ஆரோக்கியமான பெண்களின் கருப்பை உட்படலச் சுரப்பிகளிலும் சாதாரணமாக இருப்பது தெரிந்தது. மாதாமாதம் முளைக்கும் திசுவில் இப்படி நேர்வது இயல்பு. சில வகை சினைப்பைப் புற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மைதான், ஆனாலும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் புற்று வருவதே இல்லை.

'அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வருமா' என்பது வேறு கேள்வி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் நோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவதாகக் கணிக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் 2023-இல் வந்த பெரிய ஆய்வு, நோய் உள்ள 60,674 பெண்களையும் இல்லாத ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டு, மரபுத்தொகுதியில் 42 இடங்களைக் குறித்தது. அவற்றில் பல இடங்கள் வலியை உணர்வதோடும் ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்றவற்றோடும் பங்கு வைத்துக்கொள்கின்றன. இடுப்பில் மட்டுமின்றி உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லும் பெண் இட்டுக்கட்டவில்லை. இந்த இடங்களில் பெரும்பாலானவை புரதக் குறிப்புக்குள் இல்லை, ரெகுலேட்டர் பகுதியில் இருக்கின்றன. எந்த மரபணுவின் ரெகுலேட்டர் என்பதும் சட்டென்று தெரிவதில்லை. முதல் குரோமோசோமில் ஓர் இடத்தைப் பல ஆண்டுகளாகப் பக்கத்திலுள்ள டபிள்யூ.என்.டி4 என்ற மரபணுவின் பெயரால் அழைத்தார்கள். ரத்தத்திலும் உட்படலத்திலும் வெளிப்பாட்டை அளந்து பார்த்தபோது, அந்த மாறுபாடு அசைப்பது அருகிலுள்ள வேறு இரண்டு மரபணுக்களை என்று ஆஸ்திரேலியக் குழுவொன்று காட்டியது. வாசலில் பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே குடியிருப்பவர் வேறு.

சரி, இத்தனை அளந்து நோயாளிக்கு என்ன கிடைக்கும்? இன்றைய நிலையில், ரத்தத்தில் மரபணுவை அளந்து இந்த நோயை உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022 வழிகாட்டி ஏற்கவில்லை. யாராவது ஜீன் டெஸ்ட் பேக்கேஜ் விற்க வந்தால், அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரான்சில் உமிழ்நீரில் உள்ள 109 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை, அதாவது மிகக் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகளை, வைத்து ஒரு பரிசோதனை வந்திருக்கிறது. முதலில் அது 200 பெண்களின் மாதிரிகளில் உருவானது. மற்ற நாட்டுப் பெண்களிடம் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதை நம் ஊருக்குப் பேச முடியும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நியூயார்க்கில் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனம் செய்துவரும் வேலை. அங்கே பங்கேற்கும் பெண்கள் மாதவிடாய் ரத்தத்தை வீட்டிலேயே சேகரித்து அனுப்புகிறார்கள். அதில் உதிர்ந்து வரும் தாங்குசெல்களைத் தட்டில் வளர்த்து, கருவை வரவேற்கத் தயாராகும்படி ஒரு வேதித் தூண்டல் கொடுக்கிறார்கள். ஆரோக்கியமான செல்கள் ஐ.ஜி.எஃப்.பி.பி-1 என்ற புரதத்தைச் சுரந்து பதில் சொல்கின்றன. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் செல்கள் மிகக் குறைவாகச் சுரக்கின்றன. திசு உட்படலத்தினுடையது, நாள் மாதவிடாயின் நாள், அளப்பது தாங்குசெல்லை. மூன்றும் அங்கே தெளிவாக இருக்கின்றன. அதற்கு மயக்க மருந்தும் வேண்டாம், தொப்புளில் கேமராவும் வேண்டாம்.